உவர்க்காட்டில் முகங்கள் தெரியாமல் போன காலம்

சளக் என்று ஒன்று, பிறகு மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓர் இடைவெளி, பிறகு மறுபடியும் சளக்: கிணற்றடி ஜன்னல் கம்பியில் மாட்டிய தோல்வாரில் சவரக்கத்தி போய்த் திரும்புகிற அந்த ஓசை இப்போதும் செண்பகவடிவின் காதில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அவள் வருஷக்கணக்காக விடிந்ததைத் தெரிந்துகொண்டாள். உவர்க்காட்டில் சேவல்களை நம்ப முடியாது, உப்பளத்து வெள்ளையைப் பார்த்து அவை நிலவுக்கும் கூவும். கம்பெனிச் சங்கு ஊதுகிறவன் சில நாள் தூங்கிப்போவான். ஆனால் அவள் புருஷன் காந்திமதிநாதன், செவ்வாய்க்கிழமை நீங்கலாக, மழையானாலும் காய்ச்சலானாலும் கிணற்றடிக்குப் போய் அந்த மடக்குக் கத்தியைத் திறந்து தீட்டத் தொடங்கிவிடுவார். உப்புக் கம்பெனிக் கணக்கர் அவர். ஊரில் எல்லா ஆண்களும் பிளேடுக்கு மாறிய பிறகும், ஏதோ ஒரு கப்பல்காரனிடம் வாலிபத்தில் வாங்கிய அந்தக் கத்தியை அவர் விடவில்லை. அந்த ஓசையைத் தவிர அவரிடமிருந்து அவளுக்கென்று வேறொன்றும் வந்ததில்லை, ஏனென்றால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பேசிக்கொள்வதில்லை என்றால் வீடு ஊமையாகக் கிடந்தது என்று அர்த்தமில்லை. கூடத்தின் நடுவே ஒரு தேக்குத் தூண் இருந்தது. அவர் தூணிடம் சொல்வார், அவளும் தூணிடம் சொல்வாள்.

“ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லு.”

“உத்தியோகமே உப்புலதான, வரும்போது ஒரு கை அள்ளிட்டு வரச் சொல்லு.”

தூண் இரண்டையும் வாங்கிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்தில் அதற்கு நாட்டாமை என்றே பேர் விழுந்துவிட்டது. விருந்தாளிகள் கூட அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் உட்காருவார்கள், உட்கார்ந்திருக்கிற வயசாளியின் காலைத் தாண்டக் கூடாது என்பது போல.

அவர்களுக்கு உலகு என்று ஒரு மகள் இருந்தாள். உலகம்மாள். ஐந்து வயதில், அப்பாவோடு உப்பு அம்பாரம் பார்க்கப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடம்பிடித்துப் போனவள், கடல்தண்ணீர் ஏற்றுகிற வாய்க்காலில் தவறி விழுந்தாள். அவர் குதித்து எடுத்தபோது நேரமாகியிருந்தது. அன்று சாயங்காலம் செண்பகவடிவு அவரைப் பார்த்து, “உங்க கூடத்தானே அனுப்பினேன்” என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை நிறுத்துவதென்று இருவரும் தீர்மானித்ததே கிடையாது. மறுபடி எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியாமல் போயிற்று. அவர் முகத்தைப் பார்ப்பதையும் அவள் விட்டுவிட்டாள். சோறு வைக்கையில் கையைப் பார்ப்பாள், ஆபீசுக்குக் கிளம்புகையில் முதுகைப் பார்ப்பாள். கழுத்துக்கு மேலே அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்படி இருக்கையில், ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில், உவர்க்காட்டில் அவரவர் முகம் அவரவருக்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் தெரியவந்தது பலவேசத்தின் சலூனில்தான். ஊரில் இருந்த ஒரே சலூன் அது. உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தைச் சுற்றிப் போர்த்திய வெள்ளைத் துணி தெரிந்தது, பின்னால் பலவேசம் தெரிந்தார், துணிக்கு மேலே காலண்டர் மாட்டிய சுவர் தெரிந்தது.

“வே பலவேசம், எந் தலைய எங்கவே?”

“ஒம்ம கழுத்து மேலதான் இருக்கு. ஆட்டாதேயும்.”

“கண்ணாடியில இல்லையேவே!”

பலவேசம் நிமிர்ந்து பார்த்தார். “ஒமக்குத் தல இருக்குவே. எனக்குத்தான் இல்ல.”

காணாமல் போனது யாருடைய தலை என்பதில் அவர்கள் இருவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். அதற்குள் தெருவில் கூச்சல் கேட்டது. எல்லா வீட்டிலும் இதே கதைதான்: அடுத்தவர் முகம் கண்ணாடியில் தெரிந்தது, தன் முகம் மட்டும் தெரியவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தார்கள், வானம் தெரிந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள், குடம்தான் பளபளத்தது. கல்யாண போட்டோக்களில் பெண்ணுக்கு மாப்பிள்ளையும் மாப்பிள்ளைக்குப் பெண்ணும் தெரிய, மாலைக்கு மேலே தனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், தனக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டார். பஞ்சாயத்துத் தலைவர் மதுரையிலிருந்து பெல்ஜியம் கண்ணாடி வரவழைத்தார். பஸ் உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை அது அவருக்கு அவர் முகத்தைக் காட்டிக்கொண்டே வந்தது, பாலத்துக்கு இப்பால் அவருக்குப் பஸ் சீட்டைத்தான் காட்டியது. ஏன் என்று கேட்கிற ஆர்வம் ஊரில் ஒரு வாரம் தாங்கியது. அதற்குப் பிறகு, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று ஆனபோது எப்படிப் பழகிக்கொண்டார்களோ அப்படியே இதற்கும் பழகிக்கொண்டார்கள்.

பெண்கள்தான் முதலில் வழி கண்டார்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பொட்டு வைக்கச் சொன்னார்கள், அவளுக்கு இவர்கள் வைத்தார்கள். குப்பை கொட்டிய தகராறில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வீடுகளெல்லாம் பொட்டுக்காகச் சமாதானமாயின. சமாதானமாகாத ஒருத்தி, பகையைப் பொட்டில் தீர்த்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியை நெற்றியோரம் கோணலாக ஒன்று வைத்துச் சந்தைக்கு அனுப்பிவைத்தாள். “நான் எப்படி இருக்கேன்?” என்று ஒருவரை ஒருவர் கேட்பது, சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல ஆயிற்று. பெரும்பாலும் நல்ல பதில்தான் கிடைத்தது. அம்மைத் தழும்புக்காகத் தலைகுனிந்தே நடந்த ஒரு பையன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினான். ஊரிலேயே அழகி என்று பேரெடுத்தவள், நாலு பேர் சொன்னால் ஒழிய நம்பாமல், வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆண்களின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. தடவித் தடவிச் சவரம் செய்துகொண்டு, காது பக்கம் கொஞ்சம், மூக்குக்குக் கீழே கொஞ்சம் விட்டுவிட்டு, வெட்டுப்பட்ட இடத்திலெல்லாம் தினசரித் தாளின் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். படிகாரம் கடைகளில் தீர்ந்துபோனது. எல்லோரும் பலவேசத்திடம் வந்து நின்றார்கள். காலையில் தொடங்கிய வரிசை சாயங்காலம் வரை குறையவில்லை. அவருடைய வலது கை தோளோடு வீங்கிவிட்டது. கடைசியில் அவர் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னார்:

“ஒரு ஆளு எத்தன மோவாயிக்குவே ஓட முடியும்? வீட்டுக்கு ஒருத்தர் கத்தி புடிக்கப் படிச்சாத்தான் ஊரு பொழைக்கும். பொம்பளையள அனுப்புங்க. தெனமும் மீனு ஆய்ஞ்சு பழகின கை, நடுங்காது.”

பிளேடில் கற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்டார்கள். பிளேடு தன் முகத்துக்குத்தான், அடுத்தவன் முகத்துக்குக் கத்திதான் சொன்னபடி கேட்கும் என்றார் பலவேசம். பொம்பளை கையில் சவரக்கத்தியா, குடும்பத்துக்கு ஆகுமா என்று பெரியவர்கள் சிலர் முனகினார்கள். அந்த முனகல் அவர்களுடைய தாடி மார்பைத் தொடும் வரைக்கும்தான் நீடித்தது.

காந்திமதிநாதன் சலூனுக்குப் போகவில்லை. தடவிச் சவரம் செய்துகொள்ளவும் இல்லை. கண்ணாடி வெறுமையான முதல் நாள் அவர் கிணற்றடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, தீட்டிய கத்தியை மடக்கி மாடத்தில் வைத்தார். மறுநாள் தோல்வாரையே தொடவில்லை. தாடி வளர்ந்தது. சோறு குறைந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

“எனக்குச் சாப்பாடு வேண்டாம்னு சொல்லு.”

“நேத்தும் வேண்டாம், முந்தாநேத்தும் வேண்டாம். ஒடம்புக்கு என்னன்னு கேளு.”

தூண் கேட்டதா தெரியவில்லை, பதில் வரவில்லை. செண்பகவடிவு காலையில் விழித்து, ஓசைக்காகக் காத்துப் படுத்திருந்தாள். ஓசை வராத வீடு அவளை உட்காரவிடவில்லை. மகள் போன பிறகு இந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சளக் சளக்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதுவும் நின்றுபோனால் இவரும் போய்விடுவார் என்று அவளுக்குப் பட்டது. கத்தியையும் தோல்வாரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பலவேசத்தின் வகுப்புக்குப் போனாள்.

வகுப்பு சலூனுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் நடந்தது. பிஞ்சுச் சுரைக்காயில்தான் பழக்கம். பிஞ்சின் மேல் பூனைமயிர் போலச் சுணை இருக்கும். சோப்பு நுரை பூசி, தோலில் கீறல் விழாமல் அந்தச் சுணையை மட்டும் எடுக்க வேண்டும். அந்த மாதம் உவர்க்காட்டில் எல்லா வீட்டிலும் கீறல் விழுந்த சுரைக்காய்க் கூட்டுதான்.

“கத்திய அமுக்காதீங்க. அதோட கனமே போதும். இடது கையால தோல இழுத்துப் புடிக்கணும், மயிரு படிஞ்சிருக்க பக்கமாவே போகணும்,” என்று பலவேசம் மரத்தைச் சுற்றி வந்துகொண்டே சொன்னார். “யக்கா, அது சுரைக்காய், ஒம்ம மாமியார் இல்ல. மெள்ள.”

செண்பகவடிவு வரும் முன்பே ஒரு தப்புச் செய்திருந்தாள். மழுங்கியிருக்குமோ என்று, அரிவாள்மணையைத் தீட்டுகிற அம்மிக்கல்லில் கத்தியையும் நாலு இழுப்பு இழுத்துவிட்டாள். பலவேசம் கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கணக்கரம்மா, இதால இப்ப தேங்காதான் துருவலாம்.”

அவரே சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு, பகல் முழுக்க உட்கார்ந்து அதை மீட்டுக் கொடுத்தார். அப்புறம் தோல்வாரை மரக்கிளையில் மாட்டி, தீட்டச் சொன்னார். மற்றப் பெண்களெல்லாம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். கத்தி முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே இழுபட வேண்டும். கோடியில் போய்த் திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும், வாயின் மேல் புரட்டினால் தோல் அறுந்துபோகும். பார்த்தால் எளிதாக இருக்கும், கை கேட்காது. எத்தனையோ நல்ல தோல்வார்கள் அந்த மரத்தடியில் பொத்தலாயின. செண்பகவடிவு முதலில் தட்டுத்தடுமாறினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். சளக். அந்த இடைவெளி. சளக். அந்த இடைவெளியில்தான் கத்தி முதுகின் மேல் புரள்கிறது என்று அவள் கை தானாகவே கண்டுகொண்டது. அவள் தீட்டத் தீட்ட, மற்றப் பெண்கள் தங்கள் கத்தியை மடக்கிவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள்.

“யாரும்மா சொல்லித்தந்தா?” என்றார் பலவேசம்.

“யாரும் சொல்லித்தரல. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுட்டே படுத்திருந்தேன்.”

ஊர் இந்தப் புது வழக்கத்துக்குள் நன்றாகவே உட்கார்ந்துகொண்டது. காலை வேளையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசல்களில் ஆண்கள் முக்காலி போட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவியோ தங்கையோ, அண்ணன் தம்பிகளில் ஒருவரோ எதிரே நின்று வழித்துவிட்டார்கள். கழுத்தில் கத்தி வைக்கப் போகிறவளிடம் காலையில் யாரும் சத்தம் போடுவதில்லை. காப்பியில் சர்க்கரை கூடிவிட்டது என்றால் கூட, சவரம் முடிந்து படிகாரம் தேய்த்த பிறகுதான் சொன்னார்கள், அதற்குள் கோபமும் ஆறிப்போயிருந்தது. வீட்டுத் தகராறு என்று ஒருவரும் வருவதில்லை என்று போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு சொன்னார்; அவரைச் சொல்ல வைத்ததும் அவர் மனைவியாக இருக்கலாம்.

செண்பகவடிவும் ஒருநாள் காலையில் வெந்நீர் வைத்தாள். கூடத்தில் தூணுக்கு எதிரே முக்காலியைப் போட்டாள்.

“வந்து உக்காரச் சொல்லு,” என்றாள் தூணிடம்.

காந்திமதிநாதன் சுவர்ப்பக்கமிருந்து திரும்பிப் பார்த்தார். அவள் கையில் கத்தி திறந்திருந்தது.

“சோறு திங்காம சாகுறதுக்கு இது சுளுவுதான்னு சொல்லு,” என்றார்.

“எகத்தாளம் மட்டும் கொறையலன்னு சொல்லு.”

அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவள் வெந்நீர்த் துணியை அவர் தாடையில் சுற்றினாள். பிரஷ்ஷில் நுரை எழுப்பிப் பூசினாள். இவ்வளவையும் முகத்தைப் பார்க்காமல், தாடியை மட்டும், நுரையை மட்டும் பார்த்துச் செய்ய முடிந்தது. கத்தியை எடுத்து வலது கன்னத்தில் வைத்தாள். சுரைக்காயை விட இது எளிது, சுரைக்காய்க்கு எலும்பு கிடையாது. கன்னம் முடிந்தது. காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில் தோல் தளர்ந்து மடிந்திருந்தது. கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினால்தான் ஆகும். இத்தனை வருஷத்துப் பழக்கத்தில் அவள் தூணின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“கழுத்தத் திருப்பச் சொல்லு,” என்றாள்.

சொல்லிவிட்டு அவள் திரும்புவதற்குள் அவர் கழுத்தைத் திருப்பிவிட்டார். கத்தி அங்கேயே இருந்தது.

வெள்ளை நுரையில் சிவப்பு இறங்கியது. செண்பகவடிவு கத்தியைத் தரையில் போட்டாள், முந்தானையைச் சுருட்டி அவர் கழுத்தில் அழுத்தினாள்.

“ஐயோ, வலிக்குதா? வலிக்குதாங்க?”

தூணிடம் சொல்லப்படாத முதல் வார்த்தை அது. காந்திமதிநாதன் கண்ணைத் திறந்தார்.

“வலிக்கல வடிவு,” என்றார். பிறகு, “இன்னொரு தடவ கேளு,” என்றார்.

“எத?”

“வலிக்குதான்னு.”

அவள் கேட்கவில்லை, அழுதாள். வெட்டு ஆழமில்லை. படிகாரக் கட்டியை வைத்ததும் நின்றுவிட்டது. பாதி முகம் வழித்தும் பாதி முகம் தாடியுமாக அவர் உட்கார்ந்திருந்தார்.

“மிச்சத்தையும் முடிச்சிரு,” என்றார்.

“எங் கை இனிமே வராது.”

“வரும். நீ கெணத்தடியில தீட்டுறத நேத்து கேட்டேன். எனக்கு அப்படித் தீட்டத் தெரியாது.”

அவள் மறுபடியும் நுரை பூசினாள். இந்தத் தடவை தூணைப் பார்க்கவில்லை. இடது கன்னம், மேலுதடு, கடைசியாக மோவாய். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியின் கனத்தை மட்டும் கொடுத்து, மயிர் படிந்த பக்கமாக இறக்கினாள். அப்போது அவர் உதட்டை அசைக்காமல் கேட்டார்:

“தெரியுதாளா?”

“யாரு?”

“உலகு.”

கத்தி நின்றது. நுரை விலகிய இடத்தில், மோவாயின் நடுவில், இடது பக்கம் சற்றே சாய்ந்தாற்போல ஒரு குழி இருந்தது. பிறந்த அன்றைக்கு மருத்துவச்சி பிள்ளையைத் தூக்கிக் காட்டி, அப்பா மோவாயை அப்படியே கொண்டுவந்திருக்கா என்று சொல்லிச் சிரித்த அதே குழி.

“தெனமும் காலையில அவளப் பாக்கத்தான் போவேன்,” என்றார் அவர். “வழிச்சு முடிச்சதும் கண்ணாடியில வருவா. அந்த எடம் மட்டும் அவ. செவ்வாக்கெழம வழிக்கக் கூடாது பாத்தியா, அன்னைக்கு லேசா மயிரு மூடியிருக்கும், மங்கலாத் தெரிவா. கண்ணாடி போனதும் அவளும் போயிட்டா. ரெண்டாவது தடவையும் தொலச்சிட்டேன் வடிவு. எப்படி வந்து ஒங்கிட்ட சொல்லுவேன்?”

செண்பகவடிவு அந்தக் குழியைத் தன் கட்டைவிரலால் தொட்டாள்.

“இதுக்காகத்தான் நான் உங்க மொகத்தையே பாக்கல,” என்றாள். “பாத்தா அவ நிப்பான்னு தெரியும். தாங்க மாட்டேன்னு நெனச்சேன். நீங்க எனக்கு உங்க மேல கோவம்னு நெனச்சிட்டீங்க.”

“கோவம் இல்லையா?”

“இருந்துது. அது எப்பவோ போயிட்டு. போனத எப்படிச் சொல்லுறதுன்னுதான் தெரியல.”

அவர் கேட்டார்: “எப்படி இருக்கா? சொல்லு. எனக்குத் தெரியல.”

அவள் குனிந்து பார்த்தாள், படிக்கிறவள் மாதிரி. “குழி அப்படியே இருக்கு. கொஞ்சம் எடது பக்கம் சாஞ்சு. அழப்போறப்ப ஒரு பக்கமா இழுத்துட்டு நடுங்குமே, இப்ப அப்படி நடுங்குது.”

“அழுறாளா?”

“இல்ல. அழப்போறா.” அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். “நிறுத்திட்டா. சிரிக்கிறா.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் தீட்டினாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார், அவள் வழித்துவிட்டுச் சொன்னாள். சில நாள் நிறைய இருந்தது சொல்ல, உலகு சளி பிடித்து மூக்கை உறிஞ்சியது, பல் விழுந்ததைக் கூரை மேல் எறியச் சொன்னது, அப்பா வரும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்தது எல்லாம் அந்தக் குழியைப் பார்த்தால் அவளுக்கு ஞாபகம் வந்தது. சில நாள் “நல்லா இருக்கா” என்பதோடு முடிந்தது. அவரும் பதிலுக்கு அவள் முகத்தைச் சொன்னார். காதோரம் நரைத்திருக்கிறது, நெற்றியில் புதிதாக ஒரு கோடு, ஆனால் காலேஜ் பாட்டுப் போட்டியில் அவர் முதன்முதலில் பார்த்த பெண்ணின் கண் அப்படியேதான் இருக்கிறது என்றார். இதில் பொய் எவ்வளவு என்று பார்க்க அவளிடம் கண்ணாடி இல்லை. அதற்காக அவள் அந்தக் காலத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டாள். தூணுக்கு வேலையில்லாமல் போயிற்று. காந்திமதிநாதன் அதில் ஓர் ஆணி அடித்துத் தோல்வாரை மாட்டினார். இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே நின்றது, இனி அதுவும் ஏதாவது பேசட்டும் என்றார். விடிந்ததும் தூண் சளக் என்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சளக் என்றது.

தை மாதம் பொங்கலன்று காலையில் முகங்கள் திரும்பி வந்தன.

வந்த அன்று ஊரில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஊரார் சொன்னதை நம்பி மனசுக்குள் ஒரு முகத்தைச் செய்துவைத்திருந்தவர்கள், கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள். அம்மைத் தழும்புப் பையன் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, பாதகமில்லை என்று சொல்லி நிமிர்ந்தே நடந்து போனான். ஆண்களில் பாதிப் பேர் பிளேடுக்குத் திரும்பினார்கள். பெண்கள் மட்டும் எதிர்வீட்டுப் பொட்டை விடவில்லை. கையில் கண்ணாடி இருந்தாலும், “நீ வச்சாத்தான்டி நடுவுல நிக்கும்” என்று தெருவைத் தாண்டிப் போனார்கள். பலவேசம் ஓய்ந்த கையை வெயிலில் நீட்டிக்கொண்டு கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பொங்கல் பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போன செண்பகவடிவு, கிணற்றடி ஜன்னலில் மாட்டியிருந்த வட்டக் கண்ணாடியில் ஒரு கிழவியைப் பார்த்தாள். யாரென்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். கூடத்துக்கு வந்தால், காந்திமதிநாதன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தலைமுடி வகிடு நேராக, சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தது. ஆடி மாதத்திலிருந்து ஒருநாளும் அந்த வகிடு நேராக இருந்ததில்லை.

அவள் வகிட்டைப் பார்த்தாள். அவர் கிணற்றடியிலிருந்து வந்த அவள் ஈரக்கையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மோவாயைத் தூக்கினார்.

“எப்படி இருக்கா?” என்றார்.

“இருங்க. மொதல்ல வழிச்சு முடிச்சிக்கிடுறேன்,” என்றாள் அவள்.

அந்தக் கண்ணாடி கடைசி வரை சுவரைப் பார்த்துத்தான் தொங்கியது. முகங்கள் ஏன் போயின, ஏன் வந்தன என்று உவர்க்காட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். செண்பகவடிவு மட்டும் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மறுநாள் காலையில், ஊரார் பொட்டு வைத்து முடித்த பிறகு, வடக்கே உப்பாற்றுப் பாலம் வரை நடந்து போய், எந்தச் சாமி என்று தெரியாததால் நாலு பக்கமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவாள்.

காந்திமதிநாதன் பல வருஷம் கழித்து, ஒரு மாசி மாதத்தில், தூக்கத்திலேயே காலமானார். அன்று செவ்வாய்க்கிழமை. இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கடைசிச் சவரத்துக்காகப் பலவேசத்துக்கு ஆள் போயிற்று. கிழமை பார்க்கிற விஷயமில்லை என்று அவரும் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வந்தபோது வெந்நீர் ஆறியிருந்தது, தோல்வார் தூணில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, முகம் வழித்து முடிந்திருந்தது.